ஆடிக்கு முன்னால் ஒரு சாவி

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூர், ஈசூன் வீட்டின் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவே மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் முத்துராமன் உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை ஆடி பொறந்துடுது. அவகிட்ட சொல்லிடு," என்றார் மனைவியிடம்.

'அவ' இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் காபிக் கோப்பை. காதும் நன்றாகக் கேட்கும்.

"அப்பாகிட்ட சொல்லிடுங்கம்மா, எனக்கும் காலண்டர் தெரியும்னு," என்றாள் ரக்ஷனா.

சாமுண்டீஸ்வரி இருவரையும் பார்த்தாள். போன மாதத்திலிருந்து இந்த வீட்டில் அவளுக்குத் தபால்காரி உத்தியோகம். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

போன வாரம் ஊருக்குப் போய்விட்டு இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடலாம். ஈசூன் வீடு விற்றாகிவிட்டது. வருகிற புதன்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும். அந்தப் புதன்கிழமையை நல்ல நாள் பார்த்துக் குறித்தவர் சாட்சாத் முத்துராமன்தான். தோ பாயோவில் வாங்கியிருக்கும் வீட்டிலோ, தரைக்கு ஓடு பதிக்கிறவர் அடுத்த மாதம்தான் முடியும் என்று கையை விரித்துவிட்டார். அடுத்த மாதம் ஆடி. ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்சுவது முத்துராமன் உயிரோடு இருக்கும்வரை நடக்காத காரியம். ஆக, ஆவணி பிறக்கும்வரை தலைக்கு மேலே ஒரு கூரை வேண்டும். அது வாடகைக் கூரையாக இருந்தாலும் ஆடிக்கு முன்னாலேயே அதற்குள் கால் வைத்துப் பால் காய்ச்சிவிட வேண்டும். இதுவும் அவர் போட்ட சட்டம்தான்.

வீட்டை வாங்கியவர்கள் தங்கமான மனிதர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில், அதாவது வீவகவில், எழுதிக் கேட்டுக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் இங்கேயே இருங்கள், எங்களுக்கு அவசரம் இல்லை என்றார்கள். முத்துராமன் கேட்டாரா? "வித்த வீட்டுல விருந்தாளியா உக்கார மாட்டேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த வீட்டை விற்றுக் கொடுக்கும் வேலையைச் சொந்த மகளிடம் கொடுக்காமல் வேறு ஏஜென்ட்டிடம் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் பேச்சு நின்றது. ரக்ஷனா வங்கி வேலையை விட்டுவிட்டு வீட்டு ஏஜென்ட் ஆகி ஒரு வருடம் ஆகப்போகிறது. முத்துராமன் அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "பேங்க்ல இருக்கா" என்பார். கேட்டவர் போனதும் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள வீடு அமையலேன்னா பாசிர் ரிஸ்ஸுக்குப் போயிடலாம். அண்ணன் ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்காரு," என்றார் முத்துராமன்.

சாமுண்டீஸ்வரி பெட்டி ஒட்டுகிற டேப்பைக் கீழே வைத்தாள்.

பாசிர் ரிஸ்ஸில் இருப்பது கணவரின் அண்ணன் ராமலிங்கத்தின் வீடு. கல்யாணமான புதிதில் சாமுண்டீஸ்வரி அங்கேதான், சமையலறைக்குப் பக்கத்து அறையில், ரக்ஷனாவைக் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டு குடித்தனம் செய்தாள். இராத்திரி குழந்தை பாலுக்கு அழும். எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தால் உள்ளேயிருந்து ஓரகத்தி உமாமகேஸ்வரியின் குரல் வரும். "கேஸ் தீருது சாமுண்டி." வைத மாதிரியும் இருக்காது, சொன்ன மாதிரியும் இருக்காது. ஆனால் அடுத்த நாளிலிருந்து சாமுண்டீஸ்வரி சுடுதண்ணீரை ஃப்ளாஸ்க்கில் பிடித்துவைத்துக்கொண்டு படுக்க ஆரம்பித்தாள். ஈசூன் வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று, இனி பெட்டியோடு அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இதுநாள்வரை அந்த வார்த்தையைக் காப்பாற்றியும் வந்திருக்கிறாள்.

"அம்மா," என்றாள் ரக்ஷனா, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு. "பால் காய்ச்சுற பானையைப் பெட்டியில கட்டிட்டீங்களா?"

"இல்ல, வெளியிலதான் இருக்கு."

"பையில போட்டு எடுத்துக்குங்க."

முத்துராமன் நிமிர்ந்து பார்த்தார். "வீடே பாக்கல, அதுக்குள்ள பானையா?" என்று அட்டைப்பெட்டிகளிடம் கேட்டார். பெட்டிகள் பதில் சொல்லவில்லை. சாமுண்டீஸ்வரி பானையைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள். மகளுடைய குரலில் இருந்த தெம்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

*

முதல் வீடு முத்துராமன் கண்டுபிடித்தது. கோயிலில் பழக்கமான ஸ்ரீநாத் என்கிற பையனின் காண்டோ வீடு, தனியார் அடுக்குமாடி, ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். பையன் தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். ஒரு மாத லீவில் சென்னை போகிறான். பூட்டிக்கிடக்கிற வீட்டை ஆடி மாதம் முழுக்க இவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகத் தயார். வாடகை ஈசூனில் கேட்பதைவிடக் குறைவு.

வீட்டைப் பார்த்ததும் முத்துராமனுக்கு வாயெல்லாம் பல். பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கீழே நீச்சல் குளம்.

"இது என் பொண்ணு, பேங்க்ல இருக்கா," என்று ஸ்ரீநாத்திடம் அறிமுகம் செய்துவைத்தார்.

ரக்ஷனா வங்கியில் இருக்கிறவள் மாதிரியே புன்னகைத்தாள். சாமுண்டீஸ்வரிக்குத்தான் கணவரின் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

"ஒரே ஒரு விஷயம் அங்கிள்," என்றான் ஸ்ரீநாத். "கீழ கேட்ல செக்யூரிட்டி யாருன்னு கேட்டா, என் சித்தப்பா சித்தின்னு சொல்லிடுங்க. ஊர்லேர்ந்து வந்திருக்கோம்னு. வாடகைன்னு மட்டும் வாயத் திறந்துடாதீங்க."

"அதுக்கென்ன தம்பி," என்றார் முத்துராமன்.

"அம்மா," என்றாள் ரக்ஷனா மெல்ல. "அப்பாகிட்ட சொல்லுங்க, இது சட்டப்படி கூடாது. காண்டோன்னா குறைஞ்சது மூணு மாசம், வீவக வீடுன்னா ஆறு மாசம். அதுக்குக் குறைச்சு வாடகைக்கு விட முடியாது. மாட்டுனா இவருக்கும் பிரச்சினை."

"ஊர்ல எல்லாரும் செய்றதுதானே. இவ லைசென்ஸ் போயிடும்னு பயப்படறா," என்றார் முத்துராமன்.

அப்போதுதான் ரக்ஷனா தபால்காரியைத் தாண்டி வந்தாள்.

"ஆமாப்பா, பயம்தான். படிச்சு, ஒரு தடவை பெயிலாகி, மறுபடி எழுதி வாங்கின லைசென்ஸ் அது. ஆனா அத விடுங்க. ஒரு மாசம், தினமும் ரெண்டு வேளை, கோயிலுக்குப் போயிட்டு நெத்தி நிறைய விபூதியோட அந்த கேட்ல நின்னு, இன்னொருத்தருக்குச் சித்தப்பான்னு பொய் சொல்லிட்டு உள்ள வருவீங்களா? உங்களால முடியுமா?"

முத்துராமன் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலமெல்லாம் எந்தக் கேட்டிலும் தன் முழுப்பெயரைச் சொல்லி, அட்டையை நெஞ்சுக்கு நேராகக் காட்டித்தான் உள்ளே போவார். இன்று வரும்போதுகூட, செக்யூரிட்டி கேட்காமலே "முத்துராமன், வயது அறுபத்து மூணு" என்று சொல்லிவிட்டு வந்த மனுஷன்.

"லீவுக்கு நல்லபடியாப் போயிட்டு வாங்க தம்பி," என்று ஸ்ரீநாத்தின் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தார். அவமானப்பட்ட முகம் இல்லை அது. ஆனால் மகளைப் பார்த்த முகமும் இல்லை.

*

லிட்டில் இந்தியா, தேக்கா சந்தையில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூன்று பேருக்கு ஒரு மேசை பிடிப்பதே பெரிய வேலை. முத்துராமன் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ரக்ஷனா ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு, மறு கையில் தொலைபேசியைப் பிடித்து யார் யாரிடமோ பேசினாள்.

ஒருவர் ஒரு வருடத்துக்குக் குறைந்து தர மாட்டேன் என்றார். இன்னொருவர் எந்த இனம் என்று கேட்டுவிட்டு, தெரிந்ததும் வீடு முடிந்துவிட்டது என்றார். ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் சொன்ன தொகையைக் கேட்டு ரக்ஷனாவே சிரித்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும், "தேங்க் யூ, நல்ல நாளா அமையட்டும்" என்று சொல்லித்தான் போனை வைத்தாள். இனத்தைக் கேட்டவரிடமும் அதே குரல்தான். சாமுண்டீஸ்வரி தன் அப்பளத்தை எடுத்து மகள் இலையில் வைத்தாள். இப்படி எத்தனை பேரிடம் இந்தப் பெண் தினமும் கேட்டுக்கொண்டிருப்பாள்? வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

அந்த நேரம் பார்த்து சாமுண்டீஸ்வரியின் போன் அடித்தது. உமாமகேஸ்வரி.

"என்ன சாமுண்டி, வீடு கெடச்சுதா?"

"பாத்துக்கிட்டு இருக்கோம் அக்கா."

"இல்லேன்னா வந்துடுங்க. அதே ரூம்தான். கட்டில் போட்டுட்டேன்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ரக்ஷனா கூட இருக்காளா?" என்றாள்.

"இருக்கா."

"சரி சரி, அப்புறம் பேசுறேன்."

வழக்கமாக, "இன்னும் அந்தப் புரோக்கர் வேலைதானா?" என்று ஒரு இழுப்பு இழுக்காமல் வைக்க மாட்டாள். போன தைப்பூசத்தில், ஐம்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில், படித்த பெண் புரோக்கர் ஆகிவிட்டாளே என்று இரக்கப்பட்ட வாய் அது. இன்று இழுக்கவில்லை. சாமுண்டீஸ்வரிக்கு அது வினோதமாகப் பட்டது. ஆனால் 'அதே ரூம்' என்ற சொல் அதைவிடப் பெரிதாகக் காதில் நின்றது.

"அண்ணியா? அண்ணன் சொன்ன கட்டிலைப் போட்டுட்டாங்களாமா?" என்றார் முத்துராமன்.

"போட்டுட்டாங்களாம்." சாமுண்டீஸ்வரி தண்ணீரைக் குடித்தாள். "நான் அங்க வரலைங்க. எங்க வேணா படுத்துக்கிறேன், அங்க வேணாம்."

இத்தனை வருடத்தில் அவள் இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. முத்துராமனின் கை இலையிலேயே நின்றது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததால், அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

ரக்ஷனா கை கழுவிவிட்டு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கிளம்பலாம். இங்கேர்ந்து நடக்குற தூரம்தான். இந்த வீட்டுக்காகத்தான் பானையை எடுத்துக்கச் சொன்னேன்," என்றாள்.

*

டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீடு. கீழே சாப்பாட்டுக் கடை, பக்கவாட்டில் குறுகலான மரப்படி, மேலே மாடி. பச்சைச் சாயம் அடித்த மர ஜன்னல்கள். மாடியைக் குடியிருக்க வாடகைக்கு விட அனுமதி இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிட்டதாக ரக்ஷனா படியேறிக்கொண்டே சொன்னாள்.

வீட்டுக்காரி மேடம் கோ படியின் உச்சியில் நின்றிருந்தார். எழுபதை நெருங்கும் சீன மாது. காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் சாவிக்கொத்து. பழைய குடித்தனக்காரர் காலி செய்து ஒரு வாரம் ஆகிறதாம்.

வீடு சுத்தமாக இருந்தது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, கிழக்குப் பார்த்த சமையலறை. ரக்ஷனா கூடத்தில் படுத்துக்கொள்ளலாம். முத்துராமன் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். சாமுண்டீஸ்வரி அடுப்பை மட்டும் பார்த்தாள்.

மேடம் கோ அவளைப் பார்த்தார். பிறகு அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் ரக்ஷனாவிடம் சொன்னார். "விளம்பரத்துல போட்டிருக்கேன்லா. சமையல் கூடாது. சும்மா லைட்டா செய்யலாம். மேகி, முட்டை, அவ்வளவுதான். மசாலா வாடை செவுத்துல ஒட்டிக்கும்."

கீழே கடையில் அப்போதுதான் மீன்தலைக் கறியைத் தாளித்துக் கொட்டினார்கள். அந்த மணம் வாடகை கொடுக்காமலே படியேறி வந்து கூடம் முழுக்கக் குடியேறியது. லிட்டில் இந்தியாவின் நட்டநடுவில் வீட்டை வைத்துக்கொண்டு இந்த அம்மாள் பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

முத்துராமன் படியை நோக்கித் திரும்பினார். அந்த முதுகின் விறைப்பு சாமுண்டீஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். பாசிர் ரிஸ் கட்டில் அவள் கண்முன் வந்து நின்றது.

"அப்பா, ஒரு நிமிஷம் நில்லுங்க," என்றாள் ரக்ஷனா.

அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை. முத்துராமன் நின்றார்.

ரக்ஷனா மேடம் கோவிடம் திரும்பினாள். அவள் ஆங்கிலத்தில் பேசியது இதுதான்.

"மேடம், ரெண்டு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். இவங்க என் அப்பா அம்மா. ஏஜென்ட்டா வந்துட்டு அத மறைக்கக்கூடாது. ரெண்டாவது, இந்த வீட்டுக்குள்ள வந்ததும் எங்கம்மா செய்யப்போற முதல் வேலையே அடுப்பு பத்த வெக்கிறதுதான். பால் காய்ச்சுவாங்க. அது பொங்கி, பானையிலேர்ந்து அடுப்பு மேல வழியுற வரைக்கும் காய்ச்சுவாங்க. அதுக்கப்புறம் மூணு வேளையும் சமைப்பாங்க. மேகி இல்ல, சோறு, குழம்பு. உங்களுக்கு அது சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க வேற இடம் பாக்குறோம். எங்கம்மா ஒளிஞ்சு சமைக்க மாட்டாங்க."

ஃப்ளாஸ்க்கில் சுடுதண்ணீர் பிடித்துவைத்த கதையைச் சாமுண்டீஸ்வரி மகளிடம் சொன்னதே இல்லை.

மேடம் கோவின் புருவம் ஏறியது. "வேணும்னே வழிய விடுவீங்களா? எதுக்கு?"

"புது இடத்துல எல்லாம் நிறைஞ்சு வழியணும்னு."

அந்த அம்மாள் யோசித்தார். "எங்க ஆளுங்க அன்னாசிப்பழத்தை வாசல்லேர்ந்து உள்ள உருட்டி விடுவாங்க," என்றார் மெதுவாக. "அதிர்ஷ்டம் உருண்டு உள்ள வரணும்னு. இந்த வீட்டுக்கு நான் கல்யாணமாகி வந்தப்போகூட உருட்டினாங்க. அந்தத் தூண்ல போய் முட்டுச்சு."

"அதே மாதிரிதான் மேடம்."

"சரி, ஏன் இவ்வளவு அவசரம்? உடனே வரணும்னு போன்ல சொன்னியே."

"வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒரு மாசம் பொறக்குது. அதுல யாரும் புது வீடு போக மாட்டோம்."

"எங்க ஏழாம் மாசம் மாதிரியா?"

"அதேதான்." ரக்ஷனா ஒரு அடி முன்னே வந்தாள். "உங்க ஏழாம் மாசமும் வரப்போகுது மேடம். ஆவிங்க சுத்துற மாசத்துல யாரும் வீடு மாற மாட்டாங்க. இப்ப ஆள் வரலேன்னா, இந்த மாடி அது முடியுற வரைக்கும் சும்மாதான் கெடக்கும். மூணு மாசத்துக்கு இவங்க இருக்கட்டும். முறையா எழுதிக்குவோம். சும்மா பூட்டிக் கெடக்கிறதுக்குப் பதிலா, கொஞ்சம் குறைச்ச வாடகைக்கு நல்ல மனுஷங்க இருப்பாங்க. இவங்க காலி பண்றப்போ ஏழாம் மாசம் முடிஞ்சிருக்கும். நீங்க கேக்குற முழு வாடகைக்கு அப்போ ஆள் கெடைக்கும். கொண்டு வர்றது என் பொறுப்பு."

மேடம் கோ இடுப்புச் சாவிக்கொத்தை விரலால் உருட்டிக்கொண்டே அந்தத் தூணைப் பார்த்தார்.

சாமுண்டீஸ்வரி கணவரைப் பார்த்தாள். முத்துராமன் படி முனையில் நின்றபடி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரி வழியாக இல்லை, நேராக. இந்த ஆடியைக் காட்டித்தானே அவர் வீட்டையே முடக்கிப்போட்டார். அதே ஆடியை எடுத்துக்கொண்டு போய், இன்னொருத்தி பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பூட்டைத் திறக்கிறாள் பெண். ஊரில் இத்தனை வீடு இருக்க, ஏழாம் மாதத்துக்குப் பயப்படுகிற வீட்டுக்காரராகத் தேடிப் பிடித்திருக்கிறாள். இது போனில் தற்செயலாக அமைந்த வீடு இல்லை என்பது அவருக்கு உறைத்துவிட்டது. அவருடைய கழுத்து நிமிர்ந்தது. பெற்றவர் கழுத்து அப்படி நிமிர்வதைப் பார்க்கச் சாமுண்டீஸ்வரி ஒரு வருடமாகக் காத்திருக்கிறாள்.

மேடம் கோ நேராகச் சாமுண்டீஸ்வரியிடம் வந்தார். அந்தக் காலத்துச் சந்தை மலாயில் கேட்டார். "இக்கான் கோரேங்?" மீன் பொரிப்பாயா என்று.

"ஆடா," என்றாள் சாமுண்டீஸ்வரி. பொரிப்பேன். பொய் சொல்லி இந்த வீட்டுக்குள் வர அவளுக்கு விருப்பமில்லை. "திங்காப் புக்கா," என்று ஜன்னலைக் காட்டினாள். திறந்துவைத்துக்கொண்டு பொரிப்பேன்.

மேடம் கோ சிரித்துவிட்டார். "கீழ கடைக்காரன் தினமும் பொரிக்கிறான். எனக்கு என்ன குடுக்குறான்? நீ பொரிச்சா எனக்கு ஒரு துண்டு."

"ரெண்டு துண்டு," என்றாள் சாமுண்டீஸ்வரி.

*

ஒப்பந்தத்தை ரக்ஷனா அங்கேயே உட்கார்ந்து தயார் செய்தாள். ஒவ்வொரு வரியையும் மேடம் கோவுக்கு ஆங்கிலத்திலும், அம்மாவுக்குத் தமிழிலும் சொன்னாள். முத்துராமன் கையெழுத்துப் போடும்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஏஜென்ட் பெயர் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் போட்டார்.

மேடம் கோ கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி ரக்ஷனாவிடம் கொடுத்தார். "பால் எப்ப காய்ச்சுவீங்க? நான் பாக்கணும்."

முத்துராமன் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். "இன்னிக்கே நல்ல நாள்தான். ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கு."

ரக்ஷனா சாவியை அப்பாவிடம் நீட்டினாள்.

"உங்கம்மாகிட்ட குடும்மா," என்றார் அவர். "காலையிலேர்ந்து பானையைச் சுமந்துக்கிட்டு அலையுறது அவதானே."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் மகளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இது. ரக்ஷனா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு ஜன்னலில் அவசரமாகப் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை.

பக்கத்து மளிகைக் கடையிலிருந்து பால், சர்க்கரை, டீத்தூள், தீப்பெட்டி, ஒரு முழம் மல்லிகை. பையிலிருந்து பானை வெளியே வந்தது. சாமுண்டீஸ்வரி அதன் கழுத்தில் பூச்சுற்றி, பொட்டு வைத்து, அதை அடுப்பில் ஏற்றினாள்.

பால் சூடேறியது. ஓரத்தில் நுரை கட்டியது. மெல்ல எழும்பி விளிம்புக்கு வந்தது. வேறு நாளாக இருந்தால் கை தானாக அடுப்பை அணைக்கப் போயிருக்கும். இன்று போகவில்லை. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி, அடுப்பு மேல் சொய்யென்று வழிந்தது.

"ஹுவாட் ஆ," என்று மேடம் கோ கைதட்டினார். செல்வம் பெருகட்டும் என்று அவர்கள் சொல்வது அது.

சாமுண்டீஸ்வரி அழுதுவிட்டாள். யாருடைய குரலும் உள்ளேயிருந்து வரவில்லை. அன்று பாலுக்கு அழுத குழந்தை இன்று அவளுக்கு ஓர் அடுப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறது. மூன்று மாதத்து வாடகை அடுப்புதான். இருந்தால் என்ன? இது போதும் என்று இருந்தது அவளுக்கு. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மேடம் கோ ஒரு தம்ளர் பாலோடு கீழே போனதும் முத்துராமன் தொண்டையைச் செருமினார்.

"உன் கார்டு ஒண்ணு குடு," என்றார் மகளிடம்.

"எதுக்குப்பா?"

"குடும்மா, சொல்றேன்."

ரக்ஷனா எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போய் அண்ணனை அழைத்தார். அவர் குரல் மாடி முழுக்கக் கேட்டது. கீழே கடையிலும் கேட்டிருக்கும்.

"அண்ணே, ரூம் வேணாம்ணே. வீடு அமைஞ்சுடுச்சு. தேக்காவுலேயே. பாலும் காய்ச்சியாச்சு. ஆமா, ஏஜென்ட் மூலமாத்தான். சட்டப்படி, எல்லாம் முறையா. அந்த மாதிரி ஒரு ஏஜென்ட் சிங்கப்பூர்ல கெடைக்கிறது கஷ்டம்ணே. பேரா? எழுதிக்கிறீங்களா? கையில கார்டு இருக்கு. ரக்ஷனா முத்துராமன். ஆமா, என் பொண்ணுதான். இல்லண்ணே, பேங்க்னு நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஏஜென்ட்டா இருக்கா. ஒரு வருஷமாச்சு."

ரக்ஷனா சமையலறைச் சுவரில் சாய்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்பா சொல்வதைக் கேட்க வாசல் பக்கம் நகர்ந்தாள்.

அப்போது சாமுண்டீஸ்வரியின் போன் அடித்தது. உமாமகேஸ்வரி.

பாசிர் ரிஸ்ஸில் ஒரு அறையில் ராமலிங்கம் தம்பியோடு பேசிக்கொண்டிருக்கிறார். அதே வீட்டின் இன்னொரு மூலையிலிருந்து இந்தப் போன். குரல் கிசுகிசுவென்று வந்தது.

"சாமுண்டி, எங்க வீட்டுக்காரரு பேசிக்கிட்டு இருக்காரு, சீக்கிரம் சொல்லிடறேன். ரக்ஷனா நம்பர் வேணும்."

"எதுக்கு அக்கா?"

மறுமுனையில் மூச்சு வாங்கியது. "இந்த வீடு என்ன வெல போகும்னு கேக்கணும். அவருக்குத் தெரிய வேணாம். வெளி ஆள்கிட்ட போக முடியல சாமுண்டி. ரக்ஷனான்னா நம்பிச் சொல்லலாம்."

சாமுண்டீஸ்வரிக்குக் கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. சொல்லிக் காட்ட வேண்டியதும் கொஞ்சம் இருந்தது. கூடத்தில் முத்துராமன் மகளின் கார்டில் இருந்த எண்ணை அண்ணனுக்காக இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தார்.

"நான் இங்கதான் இருக்கேன் அக்கா. அவசரப்படாம சொல்லுங்க," என்றாள்.

சமையலறைக் கதவைச் சாத்தினாள். அடுப்பில் வழிந்திருந்த பாலை ஒரு கையால் துடைத்தாள். இது நீளமான பேச்சாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. காலியான பானையில் டீக்குத் தண்ணீர் வைத்து, யாரையும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.